பீச்சிட்டுப் போறவன் ஒருத்தன், தேய்க்கிறவ ஒருத்தி

டப்பாவை நாலு குலுக்கு குலுக்கி, அச்சுத்தகட்டைச் சுவத்துல வெச்சு ஒரு பீச்சு பீச்சறதுக்கு அஞ்சு விநாடி போதுமுங்க. அதை எடுக்க அரை நாள் ஆகும். அதுவும் எதுக்கு எதைப் போடணும்னு தெரிஞ்சவங்களுக்கு. தெரியாதவங்க ரெண்டு நாள் தேச்சு, சுவரையும் கெடுத்து, கையையும் புண்ணாக்கிக்குவாங்க. அந்த அஞ்சு விநாடிக்கும் அரை நாளுக்கும் நடுவுல இருக்கற அநியாயத்தைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன்.

கோயமுத்தூர்ல இருக்கற சித்தப்பா பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். நான் இதைச் சொல்லிப் பொலம்பினப்போ சிரிச்சுட்டு, "ஏண்ணா, இதுக்குப் போயி இவ்வளவு கோவமா? மேல ஒரு கோட்டிங் அடிச்சு விட்டாப் போச்சு" அப்படின்னான். நகரத்துல இருக்கற நெறைய பேரு இப்படித்தான் நெனைக்கறீங்க. உங்க ஊர்ல சுவருன்னா பட்டி போட்டு, பிரைமர் அடிச்சு, எமல்ஷன் பூசினது. அழுக்கானா மறுபடியும் பூசலாம். எங்க ஊட்டுச் சுவரு அப்படி இல்லீங்க. பாதி சுண்ணாம்பு, பாதி சிமென்ட், பின்னாடி மண்ணு. வாசக்கதவு என் அப்பாரு காலத்துத் தேக்கு. திண்ணை கருங்கல்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வைத்தியம். "மேல ஒரு கோட்டிங்" எதுக்குமே சரிப்படாது.

பஸ் ஸ்டாப்புல இருந்து எங்க ஊட்டு வரைக்கும் நடந்து வந்தீங்கன்னா படிக்கறதுக்கு ஒரு புஸ்தகமே இருக்கும். 'போர் போட அணுகவும்', 'செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்', 'வீட்டுமனை, கைக்கெட்டும் தூரத்தில்', 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்'. எல்லாத்துக்குக் கீழயும் பத்து இலக்க நம்பரு. இடையில ஜனவரி ஒண்ணாந்தேதி ராத்திரி பசங்க பீச்சின புது வருச வாழ்த்து, அடுத்த வருசமும் அழியாம நிக்கும். மூலத்துக்கும் வீட்டுமனைக்கும் நடுவுல எங்க குலதெய்வம் கோயிலுக்குப் போற வழின்னு ஒரு அம்புக்குறி. அதுவும் ஸ்ப்ரேதான்.

முன்னாடியெல்லாம் சுவர் விளம்பரமே இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சுங்க, நெறையவே. எலக்சன் வந்தா ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே வந்து 'இந்தச் சுவர் இன்ன கட்சிக்கு'ன்னு எழுதி எடம் புடிச்சுக்குவாங்க. ஆனா எழுதறவரு பகல்ல வருவாரு. "எழுதிக்கட்டுங்களா"ன்னு கேப்பாரு. முதல்ல சுண்ணாம்பு அடிச்சுச் சுவரைச் சுத்தம் பண்ணுவாரு, அது நமக்கு லாபம். அப்புறம் பவுடர் கலரைக் கரைச்சு, பிரஷ்ல நூல் புடிச்ச மாதிரி எழுத்தை இறக்குவாரு. நடுவுல எங்க அப்பத்தா மோரு கொடுக்கும். அடுத்த வருசம் காப்புக் கட்டறதுக்கு முன்னாடி ஊட்டுக்கு வெள்ளை அடிக்கறப்போ அந்த எழுத்து சுண்ணாம்போட சுண்ணாம்பா மறைஞ்சு போயிரும். எழுதினதும் தண்ணியில கரைஞ்ச கலரு, மூடறதும் தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பு. ரெண்டும் ஒரே சாதி. அதனால சண்டை இல்ல.

ஸ்ப்ரே டப்பா வேற சாதி. 1949ல அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல எட்வர்ட் சீமோர்ங்கற பெயின்ட் வியாபாரி இதைக் கொண்டு வந்தாரு. வீட்டைச் சூடாக்கற இரும்பு ரேடியேட்டருக்கு அடிக்கற அலுமினியப் பெயின்டை எப்படி எடுத்துக் காட்டறதுன்னு யோசிச்சப்போ, அவரு சம்சாரம் கொடுத்த யோசனையாம். இரும்புக்குப் பூசறதுக்குத்தானுங்க பொறந்துச்சு அது. நல்ல பொருளுதான், நான் இல்லைங்கல. என்னோட மோட்டார் மூடிக்கும் மண்வெட்டிக் காம்புப் பூணுக்கும் நானே வாங்கி அடிச்சிருக்கேன். உள்ளார ஒரு குண்டு உருளும், அடியில தங்கின நெறத்தைக் கலக்கி விடறதுக்கு. தள்ளறதுக்குப் புரோபேன், பியூட்டேன் மாதிரி வாயு, நம்ம சமையல் கேஸோட சொந்தக்காரங்க. அதனாலதான் காலி டப்பாவைக் குப்பையோட சேத்து எரிச்சா வெடிக்குது. பீச்சிட்டுப் போறவங்க அந்தக் காலி டப்பாவையும் நம்ம வேலி ஓரத்துலயேதான் போட்டுட்டுப் போறாங்க. சருகு எரிக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் கிளறிப் பாத்துக்கங்க.

இப்போ எனக்குக் கோவம் வந்த காரணத்தைச் சொல்லிர்றேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஊட்டு ஊடு ஏதோ கணக்கெடுக்க ஒரு குழு வந்துச்சு. யாரு அனுப்புனாங்க, எந்த வேலைக்குங்கறது இங்க வேண்டாம். நாங்க காட்டுல மஞ்சள் வெட்டிட்டு இருந்தோம். ஊட்டுல அப்பத்தா மட்டும். வந்த பையன் கதவைத் தட்டல, கேக்கல. நேரா நெலவுல, வலது பக்கத் தேக்குக் கால்ல, செகப்பு ஸ்ப்ரேல ஒரு சாண் உசரத்துக்கு நம்பரைப் பீச்சிட்டான். அந்த எடம் எதுன்னா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பத்தா மஞ்சப் பூசிக் குங்குமம் வெக்கிற எடம். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வெச்சது. கிழவி ஒண்ணும் பேசல. அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சளைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டு, "எங்க வெக்கறது சாமி"ன்னு என்னையக் கேட்டுச்சு.

இதுக்குத்தானுங்க கோவம்.

அவனுக்கு அது ஒரு கம்பம். அவன் கையில இருக்கற பட்டியல்ல அது ஒரு வரிசை எண். சாக்பீஸ்ல எழுதியிருக்கலாம். ஒரு சின்ன ஸ்டிக்கரை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கலாம். கூப்பிட்டுக் கேட்டிருந்தா கிழவியே "இங்க எழுது கண்ணு"ன்னு மாட்டுக் கொட்டாய்ச் சுவரைக் காட்டியிருக்கும்.

சரி, எடுக்கறதுக்கு வருவோம். இதுலயும் நகரத்து ஆளுங்க மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போன்ல வர்ற வைத்தியத்தையெல்லாம் அப்படியே எங்களுக்கு அனுப்பறீங்க. பல்லு வெளக்கற பேஸ்ட், குளிர்பானம், எலுமிச்சம்பழம், சோடா உப்பு. இதெல்லாம் டீக்கறைக்கு ஆகும். காஞ்ச ஸ்ப்ரே பெயின்டை எலுமிச்சம்பழம் அசைக்காதுங்க.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, ஸ்ப்ரே எல்லாம் ஒண்ணு இல்ல. சிலது உள்ள இருக்கற தின்னர் ஆவியாப் போறதுனாலயே காயும். அதை மறுபடியும் தின்னர் போட்டு நனைச்சா எளகிக்கும், எத்தனை நாளானாலும். இன்னும் சிலது எண்ணெய்ச் சாதி, காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்துக் கட்டிப் போயிரும். அது ஒருக்கா எறுகிட்டா தின்னருக்கு லேசுல மசியாது, சொரண்டித்தான் ஆகணும். எதுன்னு தெரியலீன்னா ஓரத்துல ஒரு சின்னத் துணியில தின்னரைத் தொட்டு அரை நிமிசம் அழுத்திப் பாருங்க. துணியில கலர் ஒட்டுச்சுன்னா முதல் சாதி. நேரமும் முக்கியம். பீச்சி அஞ்சு நிமிசத்துக்குள்ள கண்டீங்கன்னா மண்ணெண்ணெய்த் துணியே போதும், முக்காவாசி வந்துரும். ஆனா பீச்சறவன் நீங்க பாக்கற நேரத்துல எங்க வர்றான்?

கண்ணாடி, பளபளப்பு டைல்ஸ், இதெல்லாம் சுலபம். சோப்புத் தண்ணி தடவி, பிளேடைப் படுக்க வெச்சுத் தள்ளுங்க, தோலு மாதிரி உரிஞ்சு வரும். மிச்சத்துக்கு நகப்பூச்சு எடுக்கற அசிட்டோன். ஆனா அதே அசிட்டோனைக் குளியலறை பி.வி.சி. கதவுல வெச்சுராதீங்க, கதவே எளகிப் பிசுபிசுன்னு ஆயிரும். இரும்புக் கேட்டுல தின்னர் போட்டா மேல இருக்கறவன் பெயின்டும் போகும், கீழ இருக்கற உங்க பெயின்டும் போகும். அங்க வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு மெதுவாத் தேச்சு, அந்த எடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கணும்.

சுண்ணாம்புச் சுவருதான் எங்க கதை. இங்க தின்னரே வேண்டாம். கரைஞ்ச கலரு சுண்ணாம்புக்குள்ள எறங்கி, ஒரு எழுத்து இருந்த எடத்துல ஒரு முழத்துக்குச் செகப்புப் படை வந்துரும். நல்லாத் தண்ணி தெளிச்சு ஊற விட்டு, பட்டி போடற தகட்டுல சொரண்டுங்க. வருசா வருசம் அடிச்ச சுண்ணாம்பு அடுக்கடுக்கா இருக்குமில்ல, அந்த மேல் அடுக்கோட சேந்து பெயின்டும் பொளபொளன்னு கழண்டு வரும். பத்து வருசம் வெள்ளையடிச்ச பலன் அன்னைக்குத் தெரியும். அப்புறம் பள்ளம் விழுந்த எடத்தைச் சுண்ணாம்பு மணல் வெச்சு அடைச்சு, ஈரம் காயறதுக்குள்ள தண்ணியா ரெண்டு மூணு கை அடிக்கணும். சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகுது. வேகாத வெயில்ல அடிச்சா அது கல்லாகறதுக்கு முன்னாடியே காஞ்சு மாவாக் கொட்டிரும்.

சொரண்டாம மேலயே வெள்ளையடிச்சா என்ன ஆகும்? என்ற தம்பியோட 'ஒரு கோட்டிங்' வைத்தியம். பெயின்டு வழவழன்னு இருக்கறதுனால சுண்ணாம்பு அதுல புடிக்காது. அடுத்த மழைக்கு எழுத்து வடிவத்துலயே உரிஞ்சு விழும். முன்னாடி செகப்புல இருந்த 'வீட்டுமனை' இப்போ ஓட்டையில 'வீட்டுமனை'ன்னு தெரியும். சில செகப்பு, வெள்ளைக்குள்ள ஊடுருவி ரோஸ் கலர்ல மேல வந்து நிக்கும். எமல்ஷன் அடிக்கற நகரத்துச் சுவத்துக்குக்கூட, கறையை அடக்கற பிரைமர் ஒரு கை போட்டுட்டுத்தான் மேல அடிக்கணும், தெரிஞ்சுக்கங்க.

சிமென்ட் சுவத்துக்குக் கம்பி பிரஷ்ஷும், பெயின்ட் கடையில விக்கற பெயின்ட் ரிமூவரும். கூழு மாதிரி இருக்கும், தடவிட்டு அது பொங்கி எழும்பற வரைக்கும் பொறுத்து அப்புறம் சொரண்டணும். தயவு செஞ்சு கக்கூஸ் ஆசிட் ஊத்தாதீங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு முதல்ல எடுக்கறது அதைத்தான். ஆசிட்டு பெயின்டைத் தின்னாதுங்க, சிமென்டையும் சுண்ணாம்பையும் தின்னும். பெயின்டு அப்படியே நிக்கும், சுத்தியும் சுவரு அரிச்சுப் போயிருக்கும். அதோட பிளீச்சிங் பவுடரையும் சேத்துப் போட்டா கிளம்பற குளோரின் புகை ஆளையே சாய்ச்சுரும்.

கருங்கல்லுல தின்னர் ஊத்தித் தேச்சா கலரு கல்லோட துளைக்குள்ள எறங்கிக்கும். சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தின்னர்ல கொழைச்சு, களிம்பு மாதிரி அரை விரல்கடை கனத்துக்கு அப்பி, மேல பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி ஒரு நாள் விட்டுருங்க. அப்புறம் தாளை எடுத்துக் காய விட்டா, தூளு காயறப்போ கலரை மேல இழுத்துக்கும். ரெண்டு மூணு தடவை செய்யணும். பொறுமை இல்லாம மெசின் வெச்சு மணலைப் பீச்சறவங்க இருக்காங்க. பழைய கோயில்கள்ல அப்படி மணலைப் பீச்சிச் சுத்தம் பண்றேன்னு கல்வெட்டு எழுத்தும் சிலை மூக்கும் தேஞ்சு போன கதை உங்களுக்கே தெரியும். மண்ணுச் சுவருதான் இருக்கறதுலயே சொகம். செதுக்கிட்டு, செம்மண்ணு கொழைச்சுப் பூசி, சாணி போட்டு மொழுகிட்டா நாளைக்குப் புதுச் சுவரு. ஏழை ஊட்டுச் சுவருக்கு இந்த ஒரு வசதியாவது இருக்குது.

தேக்கு நெலவுக்கு வர்றேன். துணியில தின்னரை நனைச்சுப் பிழிஞ்சு, மர ரேகை ஓடற பக்கமாவே இழுக்கணும், வட்டமாத் தேய்க்கக் கூடாது. துணியை அடிக்கடி மாத்தணும், இல்லீன்னா எடுத்த கலரையே திரும்பப் பூசிட்டு இருப்பீங்க. ரேகைக்குள்ள நின்னதுக்கு நைஸ் உப்புத்தாள். கடைசியா ஆளிவிதை எண்ணெய். எங்க ஊட்டுல இதைச் செஞ்சது நானில்ல, என் வீட்டம்மா. வேலைக்காட்டுக்குப் போக வேண்டிய பொம்பள, ஒரு நாளு முழுக்க நெலவுக்கு முன்னாடி உக்காந்து தேச்சா. சாயங்காலம் தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குதுன்னு படுத்துட்டா. தின்னர்ல டொலுயீன் மாதிரி சரக்கெல்லாம் இருக்குமுங்க, மூக்கு வழியா மண்டைக்கு ஏறும். கதவு ஜன்னல் தொறந்து, காத்து போற எடத்துல, அடுப்பும் பீடியும் இல்லாமத்தான் செய்யணும். தொறந்துதான் இருந்துச்சு, அப்படியும் படுத்துட்டா. நம்பரைப் பீச்சினவனுக்கு அந்த நாள் சம்பளம் வந்திருக்கும். தேச்சவளுக்கு யாரு தர்றது?

தேச்ச துணியும் கழுவின தண்ணியும் எங்க போகுதுங்கறதையும் யாரும் யோசிக்கறதில்ல. எங்க ஊட்டுத் தண்ணி பூரா வாழைப் பாத்திக்குப் போகுது. உங்களுக்குச் சாக்கடைன்னு ஒண்ணு இருக்குது, மூடி போட்டுட்டா மறந்துரலாம். நாங்க அந்த வாழைக்காயை வறுத்துத் திங்கணும். அதனால துணியை வெளியில காய விட்டு, சொரண்டின தூளைப் பேப்பர்ல கூட்டி எடுத்துத் தனியா வெக்கிறோம்.

மாடு விசயம் இன்னும் மோசம். கண்ணுக்குட்டி எதைக் கண்டாலும் நக்கும். சுவரு, கம்பம், கேட்டு எல்லாத்தையும். பழைய பெயின்டுல ஈயம் இருந்து, அதை நக்கி மாடு கண்ணு தெரியாம சுத்தி விழுந்து சாகறது வெட்னரி டாக்டருங்களுக்குப் புதுசில்ல. நம்ம நாட்டுல வீட்டுக்குப் பூசற பெயின்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016ல விதி போட்டு, 2017 நவம்பர்ல இருந்து அமலாயிருக்குது. நல்ல விதி. ஆனா அச்சுத்தகடு தூக்கிட்டு ராத்திரி வர்றவன் டப்பாவுல என்ன இருக்குதுன்னு என் கண்ணுக்குட்டிக்கு எப்படித் தெரியும்? கட்டுத்தறைச் சுவத்துல மட்டும் யாரு எழுதினாலும் அன்னைக்கே சொரண்டிர்றோம்.

சட்டம் இல்லையான்னா இருக்குதுங்க. பொது எடத்தை விளம்பரத்தால அலங்கோலம் பண்ணக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் போட்டுட்டாங்க. தேர்தல் நடத்தை விதியில, தனியார் நிலம், கட்டடம், சுத்துச்சுவரு எதுலயும் உரிமையாளர் அனுமதி இல்லாம எழுதக் கூடாது, ஒட்டக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்குது. எலக்சன் நேரத்துல சுண்ணாம்பு வாளியோட வந்து ஊரு பூரா அழிச்சுட்டும் போறாங்க. கட்சி எழுத்து அழியுது. மூலம் பவுத்திரம் அப்படியே நிக்குது! அது எந்தக் கூட்டணியிலயும் இல்ல போலிருக்குது.

உடனே ஒருத்தரு சொல்லுவாரு, "பாவம், செப்டிக் டேங்க் சுத்தம் பண்றவன் டி.வி.யிலயா விளம்பரம் கொடுப்பான்? வயித்துப் பொழப்பு." நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். போர் வண்டிக்காரரு நம்பரு எனக்கும் ஒரு நாள் தேவைப்படும். ஆனா கவனிச்சுப் பாருங்க, எங்க ஊர்ச் சுவத்துல பெரிய எழுத்து யாருதுன்னு. செப்டிக் டேங்க்காரரு ஒரு சாண் எழுதறாரு. வீட்டுமனைக்காரங்க எட்டு அடி எழுதறாங்க. அவங்க ஆபீஸ் நகரத்துல, ஏ.சி. ரூம்ல. அவங்க ஆபீஸ் வெளிச் சுவத்துல நான் போயி 'நயம் மஞ்சள் கிடைக்கும்'னு எட்டு அடிக்குப் பீச்சினா விடுவாங்களா? வாட்ச்மேன் என்னையப் புடிச்சு உக்கார வெச்சுருவாரு. உங்க சுவரு சொத்து, எங்க சுவரு சும்மா கெடக்கற எடம். நீங்க போற வழியில கார் கண்ணாடி வழியாப் படிக்கறதுக்காக நாங்க நின்னுட்டு இருக்கற பலகை.

இன்னொரு கூட்டம், கிராமத்துச் சுவர் எழுத்தைப் போட்டோ புடிச்சு 'எவ்வளவு அழகு, எவ்வளவு கலை'ன்னு போடறாங்க. பிரஷ்ல எழுதின பெரியவங்க எழுத்தைச் சொன்னா சரி, அது கலைதான், நானும் ரசிப்பேன். அச்சுத்தகட்டுல பீச்சினதையும் சேத்துச் சொல்றப்போதான் எரிச்சல் வருது. கலைன்னு தோணுச்சுன்னா உங்க ஹால்ல, சோபாவுக்குப் பின்னாடி பீச்சிக்கங்க.

இதைப் படிக்கறவங்கள்ல சில பேரு கணக்கெடுக்கற வேலைக்கு ஆள் அனுப்பற எடத்துல இருப்பீங்க, சில பேரு மனை விக்கற கம்பெனியில இருப்பீங்க. உங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லீங்க. ஆளை அனுப்பறப்போ கையில டப்பாவுக்குப் பதிலா ஒரு சாக்பீஸ் பெட்டி கொடுங்க. நம்பர் நெலைச்சு நிக்கணும்னா கை அகலத் தகரத்துல எழுதி, கேட்டு ஆணி அடிங்க. பீச்சித்தான் ஆகணும்னா, அதை எடுக்கற கூலியையும் அந்த டெண்டர்லயே சேருங்க. எங்க பக்கம் ஒரு நாள் பொம்பளையாள் கூலி என்னன்னு விசாரிச்சு எழுதுங்க, குறைச்சுப் போடாதீங்க.

செப்டிக் டேங்க்காரருக்கும் போர் வண்டிக்காரருக்கும் ஒரு சேதி. எங்க ஊட்டுக்கு மேக்கால, ரோட்டைப் பாத்த மாதிரி பதினஞ்சு அடிச் சுவரு ஒண்ணு சும்மாதான் நிக்குது. காசு வேண்டாம். பகல்ல வந்து கேளுங்க, பிரஷ்ஷும் பவுடர் கலரும் கொண்டு வாங்க. சுண்ணாம்பு நான் தர்றேன்.